கரண்ட் இல்லாத வீட்டில் இரும்புக்கை மாயாவி

சில வருடங்களுக்கு முன் சென்னையில் காமிக்ஸ் வாசகர்கள் கூடிய ஒரு சின்னக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பேங்கில் வேலை பார்ப்பவர், மின்வாரியத்தில் இருப்பவர், மளிகைக்கடை வைத்திருப்பவர். ஆனால் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லோருக்கும் பத்து வயதாகிவிட்டது. எனக்கும்தான். அந்த வேகத்தில், "மிட்டாய் திங்காமல் காசு சேர்த்து காமிக்ஸ் வாங்கினவன் நான்" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். அந்தக் கூட்டங்களில் இதை யார் சொன்னாலும் கை தட்டுவார்கள். எல்லோரும் அப்படித்தான் வாங்கியதாகச் சொல்வோம்.

யாரோ அதை வீடியோ எடுத்து இணையத்தில் போட, அக்கா மகன் அவளுக்குக் காட்டியிருக்கிறான். ரெண்டு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள்.

"ஏலே, மிட்டாய் திங்காம சேத்து வச்ச காசால அது?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஊரில் மழை இல்லாததைப் பற்றியும், பேத்திக்குப் பல் முளைத்ததைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

அது அவள் காசு. சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டி ஆபீசில் எண்ணிக் கொடுத்த சம்பளத்திலிருந்து அம்மாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அவள் எடுத்து வைத்த காசு. தமிழ் காமிக்ஸின் வரலாற்றை எழுதும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். எந்த இதழ் எந்த மாதம் வந்தது, அட்டையை யார் வரைந்தது என்று என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். நான் எழுத நினைப்பது அந்த வரலாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வருகிற பகுதியை மட்டும். அதை எழுத தீப்பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. வானம் பார்த்த பூமி என்பதால் கைகள் சும்மா இருக்கும் மாதங்கள் அதிகம். அந்தச் சும்மா இருந்த கைகளை நம்பித்தான் இங்கே தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. சிவகாசியைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய், தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து தொழில் தொடங்கிய கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே காலத்தில் ஸ்வீடன்காரர்களின் விம்கோ இந்தியாவுக்குள் இயந்திரத்தோடு வந்துவிட்டது. இயந்திரத்தோடு கை எப்படிப் போட்டி போட்டது? ஒரு காரணம் வரி. 1934-இல் தீப்பெட்டிக்கு கலால் வரி வந்தது. பிற்பாடு கையால் செய்யும் சிறிய பட்டறைகளுக்கு வரி குறைவு என்று சலுகை வைத்தார்கள். இன்னொரு காரணம் கூலி. பெட்டி ஒட்ட வீடு போதும், குச்சி அடுக்க சின்ன விரல் போதும்.

தீப்பெட்டி என்றால் மேலே ஒட்ட ஒரு படம் வேண்டும். பாட்டும் எழுத்தும் படிக்கத் தெரியாதவர்கள் கடையில் "மயில் மார்க் குடு, கத்தி மார்க் குடு" என்று கேட்டு வாங்குகிற சாமான் அது. ஆகவே லேபிள் அச்சடிக்க லித்தோ அச்சகங்கள் வந்தன. லேபிளுக்கு வந்த இயந்திரம் பட்டாசுப் பெட்டிக்கும் அச்சடித்தது. பிறகு முருகன், லட்சுமி படம் போட்ட நாள்காட்டிகள். பிறகு டைரி, நோட்டு அட்டை. நேரு குட்டி ஜப்பான் என்று சொன்னதாக சிவகாசிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அப்படி இந்தியா முழுக்கப் படம் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஊரில்தான் தமிழின் பெயர்பெற்ற படக்கதை இதழ்களும் பிறந்தன. சென்னையில் பெரிய பத்திரிகை ஆபீஸ்கள் அத்தனை இருந்தும் ஏன் சிவகாசி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு அது கேள்வியே இல்லை.

1972-இல் சிவகாசியில் மு.சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் தொடக்க கால ஆசிரியர். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'.

இந்த மாயாவியின் பூர்வீகம் லண்டன். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்றொரு சிறுவர் வார இதழ் அங்கே தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ஆரம்பித்த தொடர் 'தி ஸ்டீல் க்ளா'. எழுதியவர் கென் புல்மர், அறிவியல் புனைகதைக்காரர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் ப்ளாஸ்கோ. லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளனுக்கு விபத்தில் வலது கை போய்விடுகிறது. அதற்குப் பதிலாக எஃகுக் கை. பிறகு ஆய்வகத்தில் இன்னொரு விபத்து. உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. ஆள் மறைந்துவிடுகிறான். கை மட்டும் மறையவில்லை. அந்தரத்தில் ஒரு இரும்புக் கை மிதக்கிறது. மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி கரண்டில் கை வைக்க வேண்டும். முதலில் அவன் கெட்டவனாகத்தான் இருந்தான், திருட்டும் நாசவேலையுமாக. பிறகுதான் திருந்தி நிழற்படை உளவாளி ஆனான். வரிசை தப்பி, கிடைத்ததைக் கிடைத்தபடி படித்த எங்களுக்கு இந்தத் திருந்தல் ரொம்ப நாள் புரியவே இல்லை. ஒரு புத்தகத்தில் பேங்கைக் கொள்ளையடித்தவன் இன்னொன்றில் போலீஸோடு கை குலுக்கினால் என்ன செய்வது?

நான் பின்னாளில் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். லண்டனில் அந்தத் தொடர் 1970களின் தொடக்கத்தில் ஓய்ந்துபோனது. 1976-இல் வேலியன்ட் இதழே இன்னொரு இதழோடு கலந்து காணாமல் போயிற்று. அங்கே அவன் கதை முடிந்துகொண்டிருந்த சமயத்தில்தான் இங்கே தொடங்கியிருக்கிறது. நான் பிறந்தது 1975-இல். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதில் கிராண்டேல் தன் சொந்த ஊரில் பழைய பேப்பர். எங்கள் ஊரிலோ அவனுக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. ஓரத்தில் சணல் கயிறு கட்டி அதில் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார் கடைக்காரர். வாங்க வேண்டியதில்லை, வாடகை உண்டு. அங்கேயே உட்கார்ந்து படித்தால் பத்து பைசா, வீட்டுக்கு எடுத்துப் போனால் இருபத்தைந்து. அட்டை கிழிந்து, கோணி ஊசியால் தைத்த முத்து காமிக்ஸ்களை அங்கேதான் முதலில் பார்த்தேன். 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'பாதாள நகரம்', 'நாச அலைகள்'. தலைப்பைச் சொல்லும்போதே அந்தக் கடையின் சீயக்காய் வாசமும் பீடி வாசமும் இப்போதும் வருகிறது.

எனக்கு நாலு வயசு மூத்தவள் அக்கா. அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். விடிவதற்கு முன்னால், நட்சத்திரம் இருக்கும்போதே, ஆபீஸ் பஸ் வரும். ஹாரன் சத்தம் கேட்டதும் தூக்குவாளியோடு ஓடுவாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். "உங்க அக்கா எங்க வேல பாக்கா?" "ஆபீசுல." வெளியூர்க்காரன் கேட்டால் ஏதோ கிளார்க் வேலை என்று நினைத்துக்கொள்வான். அங்கே குச்சி அடுக்குகிற வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவோடு சேர்ந்து பெட்டி ஒட்டுவாள். நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒரு குரோசு. குரோசுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. நானும் ஒட்டுவேன். ஆனால் பள்ளிக்கூடம் போகிற ஆம்பளைப் பிள்ளை என்பதால் தூக்கம் வந்ததும் எழுந்து போக எனக்கு அனுமதி உண்டு.

எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. அரிக்கேன் விளக்கு ஒன்றுதான். அதன் வெளிச்சம் ஒட்டுகிறவர்களுக்குத் தேவை என்பதால், நான் படிக்க வேண்டுமென்றால் அவர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும். அக்காவின் கண் பெட்டியில் இருக்கும், காது என்னிடம் இருக்கும்.

"சும்மா முணுமுணுக்காத. சத்தமா வாசில."

படக்கதையைச் சத்தமாக வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? முடியாது. பலூனில் இருப்பதை மட்டும் படித்தால், "ஆ!", "யாரது?", "ஐயோ, கை!", "டுமீல்" என்றுதான் வரும். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆகவே படத்தையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஒரு பெரிய கட்டிடம்க்கா. ராத்திரி. மேல ஜன்னல் தொறந்திருக்கு. கீழ ஒருத்தன் தொப்பி போட்டு நிக்கான். அவன் பின்னாடி கை மட்டும் வருது." எதை முதலில் சொல்வது, எதை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்வது என்பதெல்லாம் அந்தத் திண்ணையில் பழகியது. ப்ளாஸ்கோவின் நிழல் மிகுந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால், ஒவ்வொரு கட்டத்தையும் சாதாரணமாகப் படிப்பவன் பார்ப்பதைவிடப் பத்து மடங்கு நேரம் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் சில பக்கங்கள் கண்ணை மூடினால் வருகின்றன.

அக்கா நல்ல வாசகி. வாசகி என்பதா, கேட்பவள் என்பதா தெரியவில்லை. அவள் கேட்கிற கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

"கரண்ட்டு பட்டா ஆளு மறையுதான் சரி. அவன் போட்டிருக்க சட்டை துணிமணி எப்படில மறையுது?"

"அதுவும் மறையும்க்கா."

"துணி மறையும்னா கை ஏன் மறையல? அதையும் அவன் மேலதான மாட்டிருக்கு?"

நான் யோசித்தேன். பிரிட்டனில் எத்தனையோ ஆயிரம் பையன்கள் எட்டு வருஷம் வாராவாரம் படித்த கதை. கதையின் அஸ்திவாரத்திலேயே இருந்த அந்த ஓட்டையை எங்கள் அக்கா ஒரே ராத்திரியில் பிடித்துவிட்டாள். பதில் நான் சொல்லவில்லை, அவளேதான் சொன்னாள்: "கையும் மறஞ்சிட்டா யாரு வேல பாக்குறது, என்ன?" அம்மா சிரித்தாள்.

இன்னொரு நாள், "ஏம்ல இவன் ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒருக்க சாகப் போறான், பெறகு பொழச்சிக்கிடுறான்?" என்றாள். இதற்கான விடை எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது. லண்டனில் அது வாரத்துக்கு ரெண்டு மூன்று பக்கங்களாக வந்த தொடர். பையன் அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் நாயகன் கயிற்றில் தொங்கியாக வேண்டும். அந்த வாரக் கணக்கையெல்லாம் சேர்த்துத் தைத்து ஒரே புத்தகமாக இங்கே கொடுத்ததால், எங்கள் மாயாவி மூச்சு விட நேரமில்லாமல் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். தையல் இருக்கும் இடத்தை அக்கா காதாலேயே கண்டுபிடித்திருக்கிறாள்.

1984 ஜூலை மாதம் எங்கள் உலகம் பெரிதானது. ஒரே சமயத்தில் ரெண்டு இதழ்கள். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ், சௌந்தரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் தொடங்கியது. பள்ளிக்கூடம் முடித்த வயதுதான் அவருக்கு அப்போது. முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், முதல் இதழில் ஜேம்ஸ்பாண்ட், 'அழகியைத் தேடி'. ராணி காமிக்ஸ் மாதம் ரெண்டு முறை வரும், ஒன்றரை ரூபாய். தினத்தந்தி போகிற ஊருக்கெல்லாம் அதுவும் போனதால் எங்கள் பெட்டிக்கடைக்கே வந்துவிடும். லயனுக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் போக வேண்டும்.

அக்கா கணக்குப் போட்டாள். வாரச் சம்பளத்தில் அம்மாவிடம் கொடுத்தது போக, ரிப்பன், பொட்டு, கண்மை என்று வயசுப் பிள்ளைக்கு ஒதுங்குகிற சில்லறை உண்டு. அதிலிருந்து எனக்கு ராணி காமிக்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஒரே நிபந்தனை: அவள் ஆபீசிலிருந்து வருவதற்கு முன்னால் நான் படித்துவிடக் கூடாது. எத்தனையோ சாயங்காலங்கள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு அட்டையை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் பல நாள் படித்துவிடுவேன். ராத்திரி புதிதாகப் படிப்பது போல நடிப்பேன். அவளுக்குத் தெரிந்துவிடும். "என்னல, இவன் வில்லன்னு ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சமாரி படிக்க?"

ஜேம்ஸ்பாண்ட் கதையில் வரும் பெண்களின் உடம்பில் அங்கங்கே கறுப்பு மை பூசி உடுப்பு மாட்டிவிட்டிருப்பார்கள். வெள்ளைக்காரன் குறைத்து வரைந்ததை நம் ஆட்கள் கூட்டி வரைந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பக்கங்களைச் சொல்லும்போது நான் கொஞ்சம் தடுமாறுவேன். "ஒரு பொம்பள நிக்கா" என்று முடித்துக்கொள்வேன். அக்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சேல கட்டிருக்காளா?" என்பாள்.

லயனில் வந்தவர்களில் எனக்கு ஸ்பைடர் பைத்தியம். கூரிய காது, சிறகு போல் எழுந்த புருவம், வலைத் துப்பாக்கி, ஹெலிகார். குற்றச் சக்கரவர்த்தியாக வேண்டும் என்பதுதான் அவன் லட்சியமே. 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்பை நான் சிலேட்டின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். பெல்ஹாம், ஆர்டினி என்று ரெண்டு கூட்டாளிகள். ரெண்டு பேரையும் அவன் நாயை விரட்டுவது போல விரட்டுவான். அக்காவுக்கு ஸ்பைடர் பிடிக்காது. "கூட இருக்கவன வையுறவன் என்ன பெரிய ஆளு?" நல்லவன் ஜெயிக்கும் கதைகளுக்கு நடுவில், கர்வம் பிடித்த ஒரு கெட்டவன் ஜெயிப்பதைப் பார்க்க ஒன்பது வயதுப் பையனுக்கு எவ்வளவு ஆசையாக இருக்கும் என்பதை அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை.

இந்த ஸ்பைடரின் கதை வினோதமானது. 1965-இல் லண்டனில் 'லயன்' என்ற வார இதழில் தொடங்கியது. டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்தார். மறு ஆண்டிலிருந்து எழுதியவர் அமெரிக்காவில் இருந்த ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். 1938-இல் சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு உரிமை கேட்டு வழக்காடினார்கள், தோற்றார்கள், பெயரும் நீக்கப்பட்டது. அப்படி நொடித்துப் போன காலத்தில்தான் சீகல் கடல் தாண்டி ஒரு வார இதழுக்கு ஸ்பைடர் எழுதியிருக்கிறார். 1975-இல்தான், அதுவும் பத்திரிகைகளில் விஷயம் நாறிய பிறகு, அவர்கள் ரெண்டு பேருக்கும் ஓய்வூதியமும், சூப்பர்மேன் கதைகளில் பெயரும் கிடைத்தது. கோவில்பட்டி பக்கத்தில் சிலேட்டில் தலைப்பு எழுதி வைத்திருந்த பையனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏனென்றால் லண்டன் இதழ்களிலேயே அப்போது எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடும் பழக்கம் கிடையாது. 1977-இல் தொடங்கிய '2000 ஏடி' என்ற இதழ்தான் அந்தப் பழக்கத்தை மாற்றியது. ப்ளாஸ்கோவின் பெயரை நான் முதன்முதலில் படித்தபோது என் தலையில் நரை இருந்தது.

லண்டன் 'லயன்' 1974-லேயே நின்றுவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே பெயர்ப்பலகையைக் கழற்றிப் பத்து வருஷம் ஆன பிறகு, அதே பெயரில், அதே ஸ்பைடரோடும் இயந்திர மனிதன் ஆர்ச்சியோடும் சிவகாசியில் ஒரு கடை திறந்திருக்கிறது. அது இன்றும் மூடவில்லை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நடந்த பெரிய சண்டை எது உண்மையான மாயாவி என்பது. ராணி காமிக்ஸில் லீ ஃபாக்கின் ஃபேன்டம் 'முகமூடி வீரர் மாயாவி' என்று வர ஆரம்பித்தபோது நாங்கள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டோம். ஆனாலும் சண்டை போட்டோம். இரும்புக்கைக்காரன்தான் மாயாவி, மற்றவன் முகமூடி மட்டும்தான் என்பது என் கட்சி. பேனா மை ஊற்றிக்கொள்கிற அளவுக்குப் போனது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் கரண்ட் இருந்த ஒரே இடம் தையல்கடை. ஒரு மத்தியானம் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வலது கையில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு பல்ப் மாட்டாத ஹோல்டரில் விரலை வைத்தேன். சுவரில் போய் விழுந்தேன். முழங்கை வரைக்கும் கொப்பளம் இல்லை, ஆனால் ரெண்டு நாள் நடுக்கம். மறையவில்லை. அன்று ராத்திரி அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அக்கா நடுவில் விழுந்து தடுத்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். அவள் விரல்களில் குச்சி மருந்தின் வாசம் எப்போதும் இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. "கைய வச்சு வெளையாடாதல. கைதான் நமக்கு இருக்கு" என்றாள். அவளுக்கு அப்போது பதினாலு வயது.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பதினாலு வயது நிரம்பாத பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. அக்கா அப்போது பதினைந்தைத் தொட்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சட்டம் ஒரு வருஷம் பிந்தி வந்தது என்பதா, ஆறு வருஷம் பிந்தி என்பதா? சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அந்தத் தடை பொருந்தாது. அதாவது ராத்திரி எங்கள் திண்ணையில் நடந்தது தப்பே இல்லை. அரிக்கேன் விளக்கில் நான் மாயாவியைப் படிக்க, பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பிள்ளை கதை கேட்டபடியே அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது சட்டப்படி சரி. பூமணி 1996-இல் எடுத்த 'கருவேலம் பூக்கள்' படத்தைப் பிற்பாடு பார்த்தபோது, எனக்கு அது எங்கள் தெருவை எடுத்த மாதிரி இருந்தது. ஆபீஸ் பஸ் வந்து நின்றதும் தியேட்டர் இருட்டில் என்னை அறியாமல் தூக்குவாளியைத் தேடினேன்.

இங்கே காமிக்ஸ் நண்பர்கள் சிலர் கோபப்படலாம். சந்தோஷமான விஷயத்தில் ஏன் இதைக் கொண்டுவருகிறாய் என்று. நான் காமிக்ஸைக் குறை சொல்லவில்லை. அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் அந்த ராத்திரிகள் வெறும் பசையும் காகிதமுமாகத்தான் போயிருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்ததே கதை கேட்கத்தான். ஒரு நல்ல திருப்பம் வந்தால் ஒட்டுகிற கைகளின் வேகம் கூடும். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டு, "இன்னொரு கத படி" என்று அவளே கேட்க ஆரம்பித்தாள். ஆனால் நாங்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் காமிக்ஸ் படித்த பையன் மட்டும்தான் இருக்கிறான். அவனுக்கு ஒன்றரை ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மிட்டாய் என்கிறோம்.

1990-இல் அக்காவுக்குக் கல்யாணம். கழுகுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது எங்களிடம் நூற்றுக்கும் மேல் புத்தகங்கள் சேர்ந்திருந்தன. தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு அவள்தான் அடுக்கி வைத்திருந்தாள். முதுகு விட்டவற்றுக்கு ஆபீஸ் பசையை வைத்து ஒட்டியிருந்தாள். மயில்துத்தம் கலந்து காய்ச்சிய மைதாப் பசை. பூச்சி அண்டாது. போகும்போது, "பெட்டி இங்கயே இருக்கட்டும், நான் வாரப்ப படிச்சிக்கிடுதேன்" என்றாள்.

நான் கல்லூரிக்கு மதுரை போனேன். ரெண்டாம் வருஷம் ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்காக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய புத்தகக் கடை ஒன்றில் போட்டேன். மொத்தத்துக்கும் எழுபது ரூபாய் கொடுத்தார்கள். அந்த வயதில் எனக்கு ருஷ்ய நாவல்கள் வந்து சேர்ந்திருந்தன. காமிக்ஸ் படித்ததைச் சொல்லிக்கொள்ளவே வெட்கம். அந்தப் பொங்கலுக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே இப்போது நெல் குதிர் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கூட்டத்தில் மிட்டாய்க் கதை சொன்னதைவிட எனக்கு உறுத்துவது இதுதான். அதே புத்தகங்களில் ஒன்றிரண்டை, மற்றவர்கள் விற்றவற்றை, பின்னாளில் ஒவ்வொன்றும் ஆயிரங்களில் விலை சொல்லிக் கேட்டு வாங்க முடியாமல் திரும்பியிருக்கிறேன்.

ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்துவும் இடையில் தேங்கி, 2012-இல் புது வேகத்தோடு திரும்பி வந்தன. வழவழத் தாள், வண்ணம், பெல்ஜிய, இத்தாலியக் கதைகள். பழைய வாசகர்களின் நச்சரிப்புக்காக மாயாவி மறுபதிப்புகளும் வந்தன. லண்டனிலும் பழைய ஃப்ளீட்வே கதைகளை ரெபெல்லியன் நிறுவனம் இப்போது எழுத்தாளர், ஓவியர் பெயரெல்லாம் போட்டுத் திரும்ப வெளியிடுகிறது. நல்ல விஷயம்.

அந்த போன் வந்த அடுத்த மாதம், ஒரு மறுபதிப்பை எடுத்துக்கொண்டு கழுகுமலை போனேன். இதை எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். "எழுது. எம் பேரெல்லாம் போடாத" என்றாள். மெஸ் பாக்கி விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். "தெரியும்ல. அம்மா அப்பமே சொல்லிட்டா" என்றாள். முப்பது வருஷமாகத் தெரிந்திருக்கிறது.

கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். இப்போது அவளே எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், வாட்ஸப் பழக்கம். நாலைந்து பக்கம் படித்தாள். கை அந்தரத்தில் மிதந்து வரும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் சொல்லி அவள் கேட்டு மனதில் வரைந்து வைத்திருந்த கையும் இதுவும் ஒன்றாக இருந்ததா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் புத்தகத்தை மூடி, முதுகைத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்தி ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

"பச சரியில்லயேல. ரெண்டு தடவ விரிச்சா பிரிஞ்சிரும். இங்க வச்சிட்டுப் போ, நான் ஒட்டி வைக்கேன்" என்றாள்.